குன்னூரில் கிடைத்த ‘உடனடி அண்ணன்’ பற்றி

மாற்றலாகிக் குன்னூர் வந்து மூன்று மாதமாகப் பேச ஆளில்லை, டீக்கடையில் பழக்கமானவர் முதல் நாளே சொந்த அண்ணன் போலத் தெரிந்தார், இப்போது கூட்டாக ஹோம்ஸ்டே எடுக்கலாம் என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவரை எனக்குத் தெரியாது. உங்கள் நிலைமை தெரியும். நான் ஊட்டிக்கு வந்த புதிதில், ஜூலை மழையில் நாலு நாள் யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள் வர்க்கி பொட்டலம் கட்டிக்கொடுத்தவர் “மழை விடாது போல சார்” என்றார். அதற்கே மனசு நிறைந்துவிட்டது. அவர் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்!

உளவியல் ஆய்வாளர்கள் மேனர், பாமைஸ்டர் முதலானோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒதுக்கப்பட்ட உணர்வில் இருந்தவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் கூடுதல் நட்பானவர்களாகத் தெரிந்தார்கள். ஆனால் 2008-இல் வந்த இன்னொரு ஆய்வு, ஒதுக்கப்பட்ட உணர்வில் இருப்பவர்கள் போலிச் சிரிப்பையும் உண்மைச் சிரிப்பையும் நன்றாகவே பிரித்தறிந்தார்கள் என்கிறது. ஆக, உங்கள் கண்ணில் கோளாறில்லை, பேச்சுத் துணைக்கான பசிதான்.

பழக்கத்தை விடவேண்டாம். பணப் பேச்சைச் சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடுங்கள். அப்புறம், வீட்டுக்கு ஒருமணி நேரம் போனில் பேசிவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அவரைப் பாருங்கள். டீக்கடைப் பையனிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்து இங்கே எழுதுங்கள்.