ஜப்பான் மொழி படிக்கும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா.

"ரெண்டு நாட்டுக்கும் நடுவுல உறவை வளர்க்கிற வேலைக்குப் போறேன்கிறா. அதுக்கு யாரு சார் சம்பளம் தருவாங்க?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். பி.ஏ. வரலாறு, கூடவே ஜப்பான் மொழி. வீட்டில் அவள் அப்பா கோபப்படுவதும் புரிகிறது.

பண்பாட்டுத் தூதர் என்று பலகை மாட்டிய நாற்காலி எங்கும் காலியாக இல்லை. ஆனால் அந்த வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. போரில் யானைகளை இழந்த டோக்கியோ உயிரியல் பூங்காவுக்கு, குழந்தைகள் கடிதம் எழுதிக் கேட்டார்கள் என்று நேரு 1949-இல் இந்திரா என்ற யானையை அனுப்பினார். அப்போதும் அந்தக் கடிதங்களை யாரோ மொழிபெயர்த்திருப்பார்கள், கப்பலுக்கு யாரோ ஏற்பாடு செய்திருப்பார்கள். உங்கள் மகள் கேட்பது அந்த இடத்தை.

சம்பளம் தருபவர்கள் சிலர் உண்டு. வெளியுறவுப் பணிக்கு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு. 21 வயதும் ஏதாவது ஒரு பட்டமும் போதும், ஆனால் இடங்கள் குறைவு. 1950-இல் மௌலானா ஆசாத் தொடங்கிய இந்தியப் பண்பாட்டு உறவுகள் கவுன்சில் இருக்கிறது. சென்னையிலேயே ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கிறது. இவற்றை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கமும் ஸ்ரீசிட்டியிலும் உள்ள ஜப்பான் நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. முதல் சம்பளம் அங்கிருந்து வந்தால் அதில் குறை ஒன்றுமில்லை.

எல்லாமே மொழியில்தான் நிற்கிறது. ஜப்பான் மொழித் திறனை அளக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் என்-5 அடிநிலை, என்-1 உச்சி. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். என்-4 முடித்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அதை வைத்து வேலை கிடைப்பது கடினம். என்-2 வேண்டும். அதற்கு சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் ஏறத்தாழ ஆயிரம் பழகியிருக்க வேண்டும். இன்னொன்று: அந்தத் தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண்ணே கிடையாது. சான்றிதழ் கையில் இருந்தும் நேர்முகத்தில் வாய் திறக்காத பிள்ளைகளைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டிருக்கிறது. வாரம் ஒருமுறையாவது ஜப்பானியரோடு பேசச் சொல்லுங்கள்.

வரலாற்றை விட்டுவிட்டு பி.காம். மாறச் சொல்கிறார் அப்பா என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். நொபுரு கராஷிமா என்ற ஜப்பானியர் தமிழ் படித்து, நம் கல்வெட்டுகளைப் படித்து, சோழர் கால நிலவுடைமை பற்றி எழுதினார். 2013-இல் பத்மஸ்ரீ. உடல்நிலை காரணமாக அவரால் டெல்லிக்கு வர முடியவில்லை. டோக்கியோ சென்றிருந்த பிரதமர் மன்மோகன் சிங் அங்கேயே விருதை அவர் கையில் கொடுத்தார். கராஷிமா அங்கிருந்து இங்கே வந்த பாதையில் உங்கள் மகள் இங்கிருந்து அங்கே போகலாம். தமிழும் வரலாறும் ஜப்பான் மொழியும் சேர்ந்து தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், சொல்லுங்கள்?

பட்டம் முடிந்ததும் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணம், மாத உதவித்தொகை, விமானச் செலவு மூன்றும் கிடைக்கும். எந்தத் தலைப்பில் ஆய்வு செய்யப் போகிறாள் என்று எழுதித் தர வேண்டும். அதை இப்போதே ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள், அம்மா.