நானும் பணம் போட்டு ஏமாந்தவன்தான், ஏஜெண்டு என்று என்னையும் பிடிப்பார்களா?

கேள்வி: மாதம் 8 சதவீதம் வட்டி என்று சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் 6 லட்சம் போட்டேன். வட்டி ஒழுங்காக வந்ததால் ஏஜெண்டாகவும் சேர்ந்தேன். சித்தி, மச்சான், தெருக்காரர்கள் என்று 14 பேரிடம் 41 லட்சம் வாங்கிக் கட்டினேன். 2 சதவீதம் கமிஷன் கொடுத்தார்கள். ஜனவரியில் வட்டி நின்றது. ‘பாங்க் அக்கவுண்ட் மாற்றுகிறோம், மார்ச்சில் மொத்தமாக வரும்’ என்றார்கள். அதை நம்பி பிப்ரவரியிலும் 2 பேரைச் சேர்த்துவிட்டேன், அவர்களும் இந்த 14 பேரில்தான் வருகிறார்கள். இப்போது ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. சித்தப்பா ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடு, செக் கொடு என்கிறார். போலீஸுக்குப் போனால் என்னையே உள்ளே வைத்துவிடுவார்களா? வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிடலாமா?
– ராணிப்பேட்டை மாவட்ட வாசகர்

பதில்: உங்களைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்க வாய்ப்பு இருக்கிறது. ஆருத்ரா, ஹிஜாவு நிதி நிறுவன மோசடி வழக்குகளில் இயக்குநர்களோடு ஏஜெண்டுகளும் கைதானதைப் பார்த்திருப்பீர்கள். ‘நானும் 6 லட்சம் போட்டேன்’ என்பது உங்களுக்குச் சாதகமான விஷயம்தான். ஆனால் அது மட்டுமே உங்களைக் காப்பாற்றாது. சொந்தப் பணத்தையும் போட்டு, விஷயம் தெரிந்த பிறகும் ஆள் சேர்த்தவர்கள் இந்த மாதிரி வழக்குகளில் உண்டு. உங்களுக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், பணம் யார் கணக்கு வழியாகப் போனது என்பதைத்தான் விசாரணை அதிகாரி முதலில் பார்ப்பார்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்துவது பிப்ரவரி. ஜனவரி வரைக்கும் சேர்த்த 12 பேர் விஷயத்தில், ‘எனக்கே மாதாமாதம் வட்டி வந்தது, கம்பெனி நன்றாக ஓடுகிறது என்று நம்பினேன்’ என்று சொன்னால் எடுபடும், பாங்க் ஸ்டேட்மெண்டும் அதற்கு ஒத்துப்போகும். வட்டி நின்ற பிறகு சேர்த்த 2 பேரிடம் என்ன சொன்னீர்கள்? ‘ஒரு மாதமாக வட்டி வரவில்லை, அக்கவுண்ட் மாற்றுவதாகச் சொல்கிறார்கள், யோசித்துப் போடுங்கள்’ என்றீர்களா, இல்லை வாயே திறக்கவில்லையா? அவர்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை எடுத்து நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். வழக்கு என்று வந்தால் அரசு வழக்கறிஞர் அங்கிருந்துதான் தொடங்குவார்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் இதற்கென்றே 1997-இல் வந்த முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கோர்ட் வட்டாரத்தில் டி.என்.பி.ஐ.டி. என்பார்கள். தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் ஃபைனான்ஸ் கம்பெனிகள் கவிழ்ந்ததால் பிறந்த சட்டம் இது. டெபாசிட்டைத் திருப்பித் தராவிட்டால், நிறுவனத்தின் நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்துவிட்டது. ‘நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர்’ என்பது உங்களுக்குப் பயன்படும் சொல். நீங்கள் கம்பெனியில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் இல்லை, கணக்கு பார்த்தவரும் இல்லை என்றால், அந்தப் பிரிவிலிருந்து வெளியே வர உங்கள் வழக்கறிஞர் வாதாட இடம் உண்டு.

ஆனால் 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் அந்த வசதி இல்லை. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் அந்தச் சட்டம், ‘எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்’ யாரும் தெரிந்தே பொய்யான வாக்குறுதி கொடுத்தோ, முக்கியமான விஷயத்தை வேண்டுமென்றே மறைத்தோ இப்படிப்பட்ட திட்டத்தில் ஆள் சேர்க்கக் கூடாது என்கிறது. மீறினால் 1 முதல் 5 ஆண்டு சிறை, 10 லட்சம் வரை அபராதம். ஏஜெண்டு, லீடர், ஃபீல்டு மேனேஜர் என்று விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருந்தாலும் சரி, எல்லாம் இதில் அடங்கும். ‘தெரிந்தே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பிப்ரவரியைப் பற்றி நான் இவ்வளவு சொல்வது அதனால்தான்.

இதோடு மோசடி, நம்பிக்கை மோசடி, கூட்டுச் சதி பிரிவுகளும் சேரும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 420, 406. அதற்குப் பின் நடந்தவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 318, 316. மோசடியைப் பொறுத்தவரை எண்தான் மாறியிருக்கிறது, 7 ஆண்டு வரை சிறை என்பது அப்படியே இருக்கிறது.

அப்படியானால் போலீஸுக்குப் போகாமல் இருந்துவிடலாமா? கூடாது. 14 பேரில் யாராவது ஒருவர் எப்படியும் போவார். அவர் சொல்லும் கதையில் கம்பெனி முதலாளியை அவருக்குத் தெரியாது, உங்களைத்தான் தெரியும். நீங்கள் முன்னால் போனால் உங்கள் தரப்பும் ஆரம்பத்திலேயே பதிவாகும். ஆனால் தனியாகப் போய் மனதில் வந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். குற்ற வழக்கு பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து, தேதி வாரியாகப் புகாரைத் தயார் செய்யுங்கள். முன்ஜாமீன் கேட்க வேண்டுமா, எப்போது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். புகார் மனுவில் நீங்கள் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு வரியும் பின்னால் குறுக்கு விசாரணையில் திரும்பி வரும். கமிஷன் வாங்கியதையும், உங்களுக்குத் திரும்பி வந்த வட்டியையும் மறைக்காதீர்கள். பாங்க் கணக்கில் இருப்பதை மறைத்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

டெபாசிட் மோசடிகளைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கிறது. வழக்கு நடப்பது சென்னை, மதுரை, கோவையில் உள்ள சிறப்பு நீதிமன்றங்களில். உங்கள் ஊர் ஸ்டேஷனில் கொடுத்தாலும் தப்பில்லை, அங்கிருந்து அனுப்பிவிடுவார்கள். முக்கியமான விஷயம், 14 பேருக்கும் சேர்த்து நீங்கள் ஒரே புகாராகக் கொடுக்காதீர்கள். ரசீதும் பாண்டும் யார் பெயரில் இருக்கிறதோ அவரே தன் பெயரில் கொடுக்கட்டும். நாளைக்குக் கம்பெனியின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது, பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் பங்கு. அதற்கு வருடக்கணக்கில் ஆகும் என்பதையும் அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். யாருடைய பணத்தையாவது உங்கள் கணக்கில் வாங்கி, உங்கள் பெயரிலேயே டெபாசிட் போட்டிருந்தால் அதை வழக்கறிஞரிடம் முதலில் சொல்லுங்கள். பணம் கொடுத்தவருடைய பெயர் கம்பெனி கணக்கிலேயே இருக்காது.

விசாரணைக்குக் கூப்பிட்டு நோட்டீஸ் வந்தால் எந்தப் பிரிவு என்று பாருங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 179 என்றால் சாட்சியாக அழைக்கிறார்கள். 35(3) என்றால் உங்கள் மேல் சந்தேகம் இருக்கிறது என்று பொருள். போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை, இது பலருக்குத் தெரியாது. அமலாக்கத் துறை அழைத்தால் கதை வேறு. அங்கே கையெழுத்து வாங்குவார்கள், அந்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாகவும் பயன்படுத்துவார்கள். அப்புறம் அந்த 82,000 ரூபாய் கமிஷன். குற்றத்தில் வந்த பணம் என்று அதைக் கேட்பார்கள், ஜாமீனுக்கு நிபந்தனையாகக் கட்டச் சொல்லவும் கூடும். செலவழித்திருந்தால்கூட இப்போதே புரட்டித் தனியாக வைத்துவிடுவது நல்லது. யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்குக் கொடுத்து வாயை அடைக்க வேண்டாம்.

போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். கம்பெனியின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கோபத்தில் வெளியேறவும் வேண்டாம். ‘அக்கவுண்ட் மாற்றுகிறோம்’ என்று அவர்கள் சொன்ன குரல் பதிவு அதில்தான் இருக்கிறது. பிப்ரவரியில் நீங்களும் ஏமாற்றப்பட்டீர்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் நல்ல சான்று அது ஒன்றுதான். மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனைத் தொலைத்தால் திண்டாட்டம்தான்.

வீட்டை மாற்றுவதா? வேண்டவே வேண்டாம். முடக்கிய சொத்து போதாதபோது, நல்லெண்ணமும் உரிய விலையும் இல்லாமல் கைமாறிய சொத்தையும் டி.என்.பி.ஐ.டி. சட்டத்தின் 8-ஆம் பிரிவில் முடக்கலாம். புகார் வரப்போகும் நேரத்தில் எழுதிய தானப் பத்திரம் எதற்காக எழுதப்பட்டது என்று நீதிபதிக்கு விளக்கவே தேவையில்லை. வீட்டைக் காப்பாற்றப் போய், உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக சித்தப்பா. அவர் கோபம் நியாயமானது. ஆனால் ஸ்டாம்ப் பேப்பரிலோ புரோநோட்டிலோ ‘நான் வாங்கினேன், நான் தருகிறேன்’ என்று எழுதினால், கம்பெனியின் கடன் அந்த நிமிடமே உங்கள் கடன் ஆகிறது. செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு வரும். கடனுக்காகக் கொடுத்த செக் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் மறுநாள் மீதி 13 பேரும் வந்து நிற்பார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போவேன், வீட்டுக்குள் உட்காருவேன் என்று யாராவது மிரட்டினால் அதற்குத் தனியாகப் புகார் கொடுக்கலாம், பணம் பாக்கி என்பது அதற்கு உரிமை ஆகாது. சித்தப்பாவுக்கு இப்போது வேண்டியது அவருடைய பணம் எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரம். வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, சித்தப்பா சம்பந்தப்பட்ட பாங்க் ஸ்டேட்மெண்ட் பக்கத்தையும் ரசீது நகலையும் அவர் கையில் கொடுத்து, பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குக் கூடவே அழைத்துப் போங்கள்.