பாட்டுல மழைன்னா ஸ்க்ரீன்லயும் மழையா?

அன்புள்ள அண்ணா,

நான் கோயம்புத்தூர்ல வெட்டிங் வீடியோ எடிட்டரா இருக்கேன். ஃப்ரெண்டு ஒருத்தன் சொந்தமா ஒரு ஆல்பம் சாங் பண்ணான், நாலு நிமிஷம். ஊரை விட்டு வேலைக்குப் போன ஒரு பொண்ணு பாடற பாட்டு. முதல்ல வெறும் குரல், அப்புறம் கிட்டார், பேஸ் கிட்டார், தவில்னு ஒண்ணொண்ணா சேர்ந்துட்டே போகும், கடைசியில எல்லாம் நின்னு திரும்ப குரல் மட்டும். வரியில மழை வந்த இடத்துல மழை, ஜன்னல் வந்தா ஜன்னல், பஸ் வந்தா பஸ், எல்லாம் எடுத்தோம். பீட்டுக்கு பீட்டு கட் பண்ணேன். கடைசியில ஒரு ட்ரோன் ஷாட். பாத்தவங்க எல்லாம் சூப்பர்ங்கறாங்க, பாட்டு போட்டவன் மட்டும் "பாக்க நல்லாருக்குடா, ஆனா என் பாட்டு கேக்கலையே"ங்கறான். எனக்கு செம கோவம். வரியத்தானே காட்டிருக்கேன்? வெளிநாட்டு வீடியோல எல்லாம் வரிக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது, அதப் போய் கொண்டாடறாங்க. அவங்க அப்படி என்னதான் பண்றாங்க?

– ஒரு வாசகர், கோவை (பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

தம்பி,

முதல்லயே சொல்லிடறேன், உங்க ஃப்ரெண்டு சொல்றது சரி. கோச்சுக்காம மேல படிங்க.

"வரியத்தானே காட்டிருக்கேன்"னு கேக்கறீங்கல்ல, சிக்கலே அங்கதான். மழைன்னு அந்தப் பொண்ணு பாடினது என் காதுல விழுந்தாச்சு, அடுத்த செகண்டே ஸ்க்ரீன்ல மழையக் காட்டுனா எனக்குப் புதுசா ஒண்ணும் கெடைக்கல. அதே நேரம் கிட்டார் வந்து சேர்றப்போ, தவில் ஏர்றப்போ, எல்லாம் பொசுக்குன்னு நிக்கறப்போ படத்துல எதுவுமே நடக்கல. எந்த வாத்தியம் எங்க நுழையணும், எங்க விலகணும்னு உக்காந்து உக்காந்து யோசிச்சவன் அவன், அதுல ஒண்ணு கூட வீடியோல இல்லைன்னா பாட்டு கேக்கலைன்னுதான சொல்லுவான்?

வெளிநாட்டு வீடியோன்னு பொதுவா கேட்டீங்க, அங்கயும் முக்காவாசி காரும் பொண்ணும் புகையும்தான், அத விடுங்க. நான் திரும்பத் திரும்பப் பாக்கறது மிஷேல் கோண்ட்ரிங்கற பிரெஞ்சுக்காரர் பண்ணதத்தான். அவரு டைரக்டர் ஆகறதுக்கு முன்னாடி ஒரு பேண்டுல டிரம்ஸ் வாசிச்சவரு, அது அவரோட ஒவ்வொரு வீடியோலயும் தெரியும்.

1997ல டாஃப்ட் பங்க்ங்கற பிரெஞ்சு எலக்ட்ரானிக் மியூசிக் ஜோடிக்கு 'அரவுண்ட் த வேர்ல்ட்'னு ஒண்ணு எடுத்தாரு. அந்தப் பாட்டுக்கு மொத்த வரியே டைட்டில்தான், அதையே ஒரு ரோபோ குரல் திரும்பத் திரும்பப் பாடும். உங்க முறைப்படி எடுத்தா ஒரு உலக உருண்டையச் சுத்த விட்டிருக்கணும். அவரு என்ன பண்ணாருன்னா வரிய அப்படியே விட்டுட்டு வாத்தியத்த எண்ணினாரு, வாத்தியத்துக்கு ஒரு கோஷ்டி போட்டாரு. ரோபோ வேஷக்காரங்க அந்தக் குரல், குட்டித் தலையோட உசரமா நிக்கற அத்லெட் ஆளுங்க பேஸ், எலும்புக்கூடு வேஷம் கிட்டார், நீச்சல் டிரெஸ்ல இருக்கற பொண்ணுங்க கீபோர்டு, உடம்பெல்லாம் துணி சுத்தின மம்மிங்க டிரம் மெஷின். ஒரு வட்டமான மேடை, நடுவுல படிக்கட்டு. பேஸோட ஸ்வரம் ஏறினா அத்லெட் ஆளுங்க படி ஏறுவாங்க, எறங்கினா எறங்குவாங்க. பாட்டு சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வர்றதால மேடைல இருக்கறவங்களும் சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வர்றாங்க. பிளாங்கா லீதான் கொரியோகிராஃபி. டான்ஸை துண்டு துண்டா வெட்டி நடு நடுவுல காட்டறது கோண்ட்ரிக்குப் பிடிக்காது, அதனால பெரும்பாலும் மொத்த மேடையும் தெரியற மாதிரியே வச்சிருப்பாரு. ஏன்னா எல்லா வாத்தியமும் ஒரே நேரத்துல வாசிக்கறப்போ நீங்க ஒருத்தர மட்டும் க்ளோசப்புல காட்டினா மத்த நாலு வாத்தியத்த ம்யூட் பண்ணின மாதிரிதான?

மியூசிக் ஒண்ணும் தெரியாத ஆளுக்கு இந்த வீடியோவப் போட்டுக் காட்டுங்க, பேஸ்னா எது கீபோர்டுனா எதுன்னு சொல்லித் தராமயே தனியா கேக்க ஆரம்பிச்சிடுவாங்க, ஏன்னா கண்ணு காதுக்கு வழி காட்டுது. உங்க ஃப்ரெண்டு கேக்கறது இதத்தான்னு நெனைக்கறேன்.

இன்னொண்ணு 'ஸ்டார் கிட்டார்', கெமிக்கல் பிரதர்ஸ்ங்கற பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் ஜோடியோட பாட்டு, 2002. வீடியோ பூரா ரயில் ஜன்னல் வழியா தெரியற காட்சி மட்டும்தான். ஆளே கெடையாது, பாடகர் கெடையாது, கதையும் இல்ல. சும்மா ஃபோன்ல எடுத்த மாதிரி போயிட்டே இருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உறைக்கும், அந்தக் கம்பம் ஒவ்வொண்ணும் பீட்டுக்கு வருது, புதுசா ஒரு சத்தம் நுழைஞ்சா புதுசா ஒரு கட்டடம் வருது, அந்தச் சத்தம் திரும்ப வர்றப்போ அதே கட்டடமும் திரும்ப வருதுன்னு. பிரான்ஸ்ல நீம் ஊருக்கும் வலான்ஸுக்கும் நடுவுல அதே ரயில்ல பத்து தடவை போய் வேற வேற வெளிச்சத்துல எடுத்துட்டு வந்து, தம்பி ஒலிவியே கோண்ட்ரியோட சேர்ந்து கம்ப்யூட்டர்ல கோத்திருக்காரு. அதுக்கு முன்னாடி கிராஃப் பேப்பர்ல பீட்டு பீட்டா எழுதி, ஆரஞ்சுப்பழம், முள்கரண்டி, கேசட், ஷூ இதெல்லாம் வரிசையா அடுக்கி வச்சு ரிகர்சல் வேற பாத்திருக்காரு. கவனிங்க, பாக்கறவங்க கண்ணுக்கு அந்த வீடியோல ஒரு கட் கூட தெரியாது. பீட்டு இருக்கு, கட் இல்ல.

ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்ங்கற அமெரிக்க ராக் பேண்டுக்கு கோண்ட்ரி எடுத்த 'த ஹார்டஸ்ட் பட்டன் டு பட்டன்' (2003) இதோட குட்டித் தம்பின்னு வச்சுக்கலாம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு புது டிரம் செட் மொளைக்கும், 32 டிரம் செட் நெஜமாவே வாங்கி நியூயார்க் தெருவுல ஒவ்வொண்ணா வச்சு வச்சு எடுத்தது. எனக்கு அது ரெண்டு நிமிஷத்துக்கு மேல போரடிக்கும், ஐடியா முதல் பத்து செகண்டுலயே தீந்துடுது.

இப்ப உங்க பீட் கட்டுக்கு வருவோம். நாலு நிமிஷப் பாட்டு, 120 பிபிஎம்னு (நிமிஷத்துக்கு 120 பீட்டு) வச்சா அரை செகண்டுக்கு ஒரு பீட்டு, அப்ப மொத்தம் 480 கட். செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல எடுத்திருந்தா ஒரு ஷாட்டுக்கு 12 ஃப்ரேம். (25 ஃப்ரேம்னா பன்னண்டரை வரும், அரை ஃப்ரேம வெட்ட முடியாது, அப்பப்போ கொஞ்சம் தள்ளாடும், அத நீங்களே பாத்திருப்பீங்க.) 12 ஃப்ரேம்ல ஒரு மூஞ்சி என்ன நெனைக்குதுன்னு யாருக்கும் புரியாது. எல்லா பீட்டும் ஒரே மாதிரி வெட்டுப்பட்டா எந்த பீட்டு முக்கியம்னும் தெரியாது, கச்சேரில ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தலையாட்டற ஆளு மாதிரி ஆயிடும், அவரு ரசிக்கறாரான்னே சந்தேகம் வந்துடும். தவில் மொத தடவை நுழையற அந்த ஒரு எடத்துக்குன்னு ஒரு கட் மிச்சம் வச்சிருந்தீங்கன்னா அது சும்மா அறைஞ்ச மாதிரி விழுந்திருக்கும்.

நம்ம சினிமாப் பாட்ட எடுத்துக்கங்க. சரணத்துக்கு சரணம் டிரெஸ் மாத்தறாங்க, ஊரு மாத்தறாங்கன்னு எல்லாரும் கிண்டல் பண்றோம். ஆனா மொதமொதல்ல அத யோசிச்சவங்க பாட்ட ஒழுங்கா கேட்டுதான் யோசிச்சிருக்கணும். பல்லவி ஒரு எடம், இன்டர்லூட்ல குரல் இல்ல அதனால டான்ஸ், சரணத்துல மெட்டு மாறுது அதனால எடமும் மாறுது, பல்லவி திரும்ப வர்றப்போ பழைய எடத்துக்கு வரலாம். பாட்டோட கட்டுமானம் அப்படியே கண்ணுக்குத் தெரியுது. அப்புறம் அது பழக்கமாகி, மெட்டு மாறினாலும் மாறாட்டாலும் ஸ்விட்சர்லாந்து போனாங்க, அது வேற கதை.

வாத்தியத்தத்தான் காட்டணும்னு நான் சொல்லல. பாட்டு என்ன செய்யுதுன்னு பாக்கணும். சில பாட்டு பின்னாடி போகும். கோல்ட்ப்ளேங்கற பிரிட்டிஷ் பேண்டோட 'த சயன்டிஸ்ட்' (2002) நடந்தத அழிச்சுட்டு ஆரம்பத்துக்கே போயிட மாட்டோமான்னு ஏங்கற பாட்டு, டைரக்டர் ஜேமி த்ரேவ்ஸ் முழு வீடியோவையும் ரிவர்ஸ்ல ஓட விட்டுட்டாரு. ரிவர்ஸ்ல ஓட்டினா வாயசைவும் ரிவர்ஸ் ஆயிடும்ல, அதனால பேண்டோட பாடகர் கிறிஸ் மார்ட்டின் அந்தப் பாட்ட தலைகீழா பாட ஒரு மாசம் உக்காந்து கத்துக்கிட்டாரு. மெத்தைல படுத்திருக்கற ஆளு எந்திரிச்சு பின்னாடியே நடந்து நடந்து போறாரு, போகப் போகத்தான் நமக்குத் தெரியுது ஒரு கார் விபத்து நடந்திருக்குன்னு, முடியறப்போ விபத்துக்கு முந்தி ரெண்டு பேரும் நல்லா கார்ல போயிட்டிருக்காங்க. பாட்டுல இருக்கற ஆளுக்கு கெடைக்காத விஷயம் வீடியோல கெடைக்குது, ஆனா அது நடந்து முடிஞ்சு போனதுன்னு நமக்குத் தெரியும். இது ட்ரிக்குதான், ஆனா அந்த ட்ரிக்க எடுத்துட்டா பாட்டே பாதிதான்.

ஸ்லோமோஷன்லயும் வாயசைவு ஒட்டணும்னா இதே மாதிரி கணக்குதான், உங்களுக்கு உதவும்: 48 ஃப்ரேம்ல எடுக்கறப்போ ஸ்பாட்ல நாக்ராவ (பாட்டு போட்டு விடற மிஷின்) ரெட்டிப்பு ஸ்பீடுல ஓட விட்டு வேகமா பாடச் சொல்லணும், அப்புறம் 24ல ஓட்டினா வாய் பாட்டோட சரியா சேரும், முடியும் துணியும் மட்டும் மெதுவா மிதக்கும். ஆனா ஏன் மிதக்கணும்னு கேட்டுட்டு பண்ணுங்க.

இனி ஒண்ணுமே பண்ணாம இருக்கறது. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் எழுதின 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ'வ ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானர் பாடினப்போ, 1990ல ஜான் மேபரி எடுத்த வீடியோல பாரிஸ் பார்க்ல நடக்கற ஷாட்டெல்லாம் கூட இருக்கு, யாருக்கு ஞாபகம் இருக்கு? ஞாபகம் இருக்கறது கருப்பு பேக்கிரவுண்டுல அந்த மொட்டத்தலை முகம் மட்டும்தான், நேரா நம்மளப் பாத்துப் பாடுது, ஒரு எடத்துல கண்ணீர் வருது. அது ப்ளான் பண்ணினது இல்ல, செத்துப்போன அம்மா ஞாபகம் வந்துடுச்சுன்னு அவங்களே பின்னாடி சொல்லிருக்காங்க. கேமராக்காரர் அங்க சும்மா இருந்தாரு, அதுக்கும் தெகிரியம் வேணும்.

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷோட 'ஹர்ட்' மார்க் ரோமனெக் எடுத்தது, இதுக்கு நேர் எதிர், ஆனா அதே புத்தி. நைன் இன்ச் நெயில்ஸ்ங்கற பேண்டோட பாட்டு அது, எழுபது தாண்டின கேஷ் 2002ல திரும்பப் பாடினாரு. மூடிக் கெடந்த அவரோட சொந்த மியூசியத்துல போய் ஷூட் பண்ணிருக்காங்க, பழைய ஃபிலிம்ல வாலிப கேஷும் வர்றாரு. ஆரம்பத்துல ஷாட்டெல்லாம் சாவகாசமா போகும், கடைசியில ஒரே பியானோ சத்தத்த அடி அடின்னு அடிக்கற எடத்துலதான் பழைய துண்டுங்க சரசரன்னு வந்து மோதும். அந்த எடத்துக்குன்னே கட் எல்லாத்தையும் சேத்து வச்சிருந்திருக்காரு மனுஷன். வீடியோ வந்த 2003லயே மனைவி ஜூன் கார்ட்டர் மே மாசம் போயிட்டாங்க, செப்டம்பர்ல கேஷும் போயிட்டாரு. இப்ப அந்தப் பாட்ட வெறும் ஆடியோவா கேட்டாலும் எனக்கு வீடியோல அவரு கை நடுங்கறது தெரியும். பாட்ட வீடியோ முழுங்கிடுச்சான்னு கேட்டா, ஆமா கொஞ்சம் முழுங்கிடுச்சு, ஆனா எனக்குப் புகார் இல்ல.

சரி உங்க பாட்டு. ஒண்ணொண்ணா சேர்ந்து கடைசியில எல்லாம் போயிடற பாட்டுன்னு நீங்களே எழுதிருக்கீங்க, அதுவும் ஊரை விட்டு வந்த பொண்ணு. விடை உங்க லெட்டர்லயே இருக்கு. ஹாஸ்டல் ரூம் ஒண்ணு போதும். குரல் மட்டும் இருக்கறப்போ அவ மட்டும், கிட்டார் வந்தா ஊர்ல இருந்து ஒரு ஆளு உள்ள வரட்டும், பேஸுக்கு இன்னொரு ஆளு, தவிலுக்கு ஒரு கூட்டமே வரட்டும், ரூம் ரொம்பிப் போய் அவ மூச்சு முட்டட்டும், வாத்தியம் நிக்கறப்போ ஒரே கட்ல ரூம் காலி. ரீஷூட்டுக்குக் காசு இல்லைன்னு எனக்குத் தெரியும், அப்ப இருக்கற ஃபுட்டேஜ்லயே இத மட்டும் பண்ணுங்க: ஆரம்பக் குரலுக்கு ஒரே ஷாட், வாத்தியம் சேரச் சேர கட் எண்ணிக்கைய ஏத்துங்க, மழை ஷாட்ட மழைன்னு பாடற எடத்துல இருந்து தூக்கி வேற எங்கயாவது போடுங்க, கடைசியில குரல் மட்டும் வர்ற எடத்துல அவ மூஞ்சிய வெட்டாம முழுசா விடுங்க.

அப்ப ட்ரோன் ஷாட் போயிடும். ட்ரோன்காரர் கோச்சுக்குவாரு, ஷாட்ட வேணும்னா டைட்டில் கார்டுக்குப் பின்னாடி போட்டு சமாதானம் பண்ணிக்கங்க. வெர்ஷன் ரெடியானா உங்க ஃப்ரெண்டுக்கு மொதல்ல போட்டுக் காட்டுங்க, எனக்கு அப்புறம் அனுப்பலாம்.