லீனியர் ஏ: 40 சொற்கள் பொருந்தினால் போதுமா?

வணக்கம் நண்பரே. பொருள் தெரிந்துவிட்ட பழைய எழுத்தான லீனியர் பி-யின் ஒலிகளை வைத்து, கிரீட் தீவின் இன்னும் புரியாத பழைய எழுத்தான லீனியர் ஏ பலகைகளை வாசித்ததில் 40 சொற்கள் சமஸ்கிருதத்தோடு பொருந்துகின்றன, இதை எப்படி உறுதிசெய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

ஒலிகளை எடுத்தது தவறில்லை, ஆய்வாளர்களும் பெரும்பாலும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். கிரீட்டில் உள்ள ஃபைஸ்டோஸ் ஊரைக் குறிக்கும் ‘பா-இ-தோ’ இரண்டு எழுத்திலுமே வருகிறது. சிக்கல் ஒப்பிடுவதில்தான். இரண்டு மூன்று அசைகள் மட்டுமே உள்ள ஒரு சொல்லை, அதன் பொருள் தெரியாமல், பெரிய அகராதி ஒன்றில் தேடினால் எந்த மொழியிலும் ஏதாவது அகப்படும். அதே 40 சொற்களை ஹீப்ருவிலும் தமிழிலும் தேடிப் பாருங்கள், அங்கேயும் கிடைக்கும்.

‘கு-ரோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீட்டின் ஹாகியா திரியாதாவில் கிடைத்த பலகைகளில் பட்டியலின் கடைசியில் வரும், அதை ஒட்டி வரும் எண் பெரும்பாலும் மேலே உள்ளவற்றின் கூட்டுத்தொகை. என்ன மொழி என்றே தெரியாமல் ‘மொத்தம்’ என்ற பொருள் கிடைத்துவிட்டது, எனக்கு இதைவிட அழகான சான்று வேறில்லை.

லீனியர் பி-யின் புதிரை அவிழ்த்த மைக்கேல் வென்ட்ரிஸும் அதில் எட்ருஸ்கனுக்கு (இத்தாலியின் ஒரு பழைய மொழி) உறவான மொழியைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் சொல்லின் முடிவுகள் எப்படி மாறுகின்றன என்று அட்டவணை போட்டுக்கொண்டே போனதால்தான் 1952-இல் அது கிரேக்கம் என்று தெரிந்தது.

சரி, முதலில் உங்கள் 40 சொற்கள் எந்தப் பலகையில், எந்தப் பண்டத்துக்கான குறிக்குப் பக்கத்தில் வருகின்றன என்று குறித்துவிட்டு இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.