ஸ்கீட்டில் (பறக்கும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு) குறுக்கே பறக்கும் தட்டு மட்டும் ஏன் தவறிப்போகிறது?

பெரும்பாலும் தட்டுக்குப் பின்னால் சுடுகிறீர்கள். 20 மீட்டரை ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) கடப்பதற்குள் தட்டு ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அந்த இடைவெளியை அளக்கப் போனால் கண் குழல் முனையிலுள்ள குறிபார்க்கும் மணிக்குத் திரும்பும், கையும் நின்றுவிடும். கண்ணைத் தட்டின் முன்விளிம்பிலேயே வையுங்கள். இடுப்பைத் திருப்பித் துப்பாக்கியை ஓட்டுங்கள். விசையை இழுத்த பிறகும் ஓட்டம் நிற்கக் கூடாது. கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழுந்தால் ரவை மேலே போய்விடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரே பக்கமாகத் தவறினால் ஆதிக்கக் கண் (குறிபார்க்கும்போது மூளை முதன்மையாக நம்பும் கண்) எது என்று சோதியுங்கள். இரு கண்ணும் திறந்தபடி தூரத்துக் கம்பத்தை விரலால் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். இடக்கண்ணை மூடியதும் விரல் கம்பத்தை விட்டு விலகினால் இடக்கண்தான் ஆளுகிறது. அப்படியானால், வலத்தோளில் வைத்துச் சுடுபவர் பாதுகாப்புக் கண்ணாடியின் இடப்பக்கத்தில், மணி தெரியும் இடத்தை மட்டும் மறைக்கும்படி மங்கலான டேப் துண்டு ஒட்டலாம். சோக் (ரவை சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்தும் குழல் முனைக் குறுக்கம்) மாற்றுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.