துப்பாக்கியைப் பூட்டி வைப்பது பற்றி: கேளுங்கள், சொல்கிறேன்

ஹியூஸ்டனில் பூட்டு, பெட்டகம் பொருத்தும் தொழில் செய்கிறேன். வார இறுதியில் ஒரு ஷூட்டிங் ரேஞ்சில் பாதுகாப்பு மேற்பார்வை. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அமெரிக்க வீடுகளில் ஏற்கெனவே இருக்கிற துப்பாக்கி திருடன் கைக்கும் பிள்ளைகள் கைக்கும் போகாமல் இருக்க என்ன செய்யலாம், அதில் எலக்ட்ரானிக்ஸ் எவ்வளவு உதவும், அதை மட்டும் பேசுவோம். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, கைரேகை பொருந்தினால் மட்டுமே சுடும் துப்பாக்கி வந்துவிட்டதாமே? அதை வாங்கிவிட்டால் பூட்டு எதற்கு?

வந்துவிட்டது. கொலராடோவில் பயோஃபயர் என்ற நிறுவனம் 2023 ஏப்ரலில் ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கியை அறிவித்தது, அப்போது சொன்ன விலை 1,499 டாலர். பிடியில் கைரேகை சென்சார், பின்புறம் முகத்தைப் பார்க்கும் கேமரா. இரண்டில் எது பொருந்தினாலும் திறக்கும், கையை விட்டால் பூட்டிக்கொள்ளும். திருடியவனுக்கு அது வெறும் இரும்பு என்பதால் எனக்கு இந்த யோசனை பிடிக்கும். ஆனால் உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய துப்பாக்கிக்கு இந்த வித்தையைப் பொருத்த முடியாது, புதிதாகத்தான் வாங்கவேண்டும். ரேஞ்சுக்கு வருகிறவர்களில் பலரிடம் மூன்று நான்கு இருக்கும், ஒன்று மட்டும் புத்திசாலியாக இருந்து என்ன பயன்? அதனால் பூட்டு வேண்டும்தான்.

போன் எல்லாம் முகத்தைப் பார்த்துத் திறக்கிற காலத்தில் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்?

அரசியல் பாதி, பொறியியல் பாதி. 2000ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற துப்பாக்கி நிறுவனம் கிளின்டன் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது, இந்த மாதிரி துப்பாக்கியை உருவாக்குவதும் அதில் ஒரு அம்சம். வாடிக்கையாளர்கள் கொதித்துப்போய்ப் புறக்கணித்தார்கள், விற்பனை படுத்துவிட்டது. 2002ல் நியூ ஜெர்சி ஒரு சட்டம் போட்டது: நாட்டில் எங்காவது இப்படி ஒரு துப்பாக்கி விற்பனைக்கு வந்துவிட்டால், மூன்று வருடத்தில் இந்த மாநிலத்தில் அந்த வகைக் கைத்துப்பாக்கி மட்டுமே விற்கவேண்டும். நல்ல எண்ணம்தான், ஆனால் விளைவு தலைகீழ். ஒருவன் விற்றால் எல்லோர் தலையிலும் விடியும் என்று ஆகிவிட்டதால், 2014ல் ஆர்மாடிக்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனியின் துப்பாக்கியை விற்கப்போகிறேன் என்று சொன்ன மேரிலாந்துக் கடைக்காரருக்குக் கொலை மிரட்டலே வந்து அவர் பின்வாங்கினார். நியூ ஜெர்சி அந்தச் சட்டத்தை 2019ல் தளர்த்தியது.

அந்த ஆர்மாடிக்ஸ் துப்பாக்கியும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கூடவே ஒரு கைக்கடிகாரம், அது பக்கத்தில் இருந்தால்தான் சுடும். 2017ல் ஒரு ஹேக்கர் சுமார் 15 டாலருக்குக் காந்தம் வாங்கி ஒட்டி, கடிகாரமே இல்லாமல் சுட்டுக் காட்டினார்.

150 டாலருக்குக் கைரேகை லாக்கர் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?

விலையைவிட, வாங்கிய அன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரெஸ் நிறுவனத்தின் சுமார் 61,000 கைரேகைப் பெட்டகங்களைத் திரும்பப் பெற அறிவிப்பு வந்தது. பதிவு செய்யாத விரலுக்கும் அவை திறந்தன என்று புகார். அப்படி ஒரு பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுப் பையன் இறந்துபோனதாக வழக்கும் இருக்கிறது. பல மலிவுப் பெட்டிகள், கைரேகை பதியும்வரை யார் விரல் வைத்தாலும் திறக்கிற நிலையில்தான் கடையிலிருந்து வருகின்றன. பதிந்துவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பெட்டி அப்படி நினைத்திருக்காது.

அதனால் நான் பொருத்தும் ஒவ்வொரு வீட்டிலும் துப்பாக்கியை உள்ளே வைக்கும் முன் வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு, பாட்டி உட்பட, பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்வேன். பிறகு பெட்டியை மூடி, மேலே ஓங்கி நாலு குத்து. உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும் சின்னக் காந்த முள் அதிர்ச்சியில் துள்ளினால் கதவு திறந்துவிடும், சில மலிவுப் பெட்டிகளில் நிஜமாகவே திறக்கும். அப்படித் திறந்தால் அன்றே கடையில் திருப்பிக் கொடுங்கள். அப்புறம், பெட்டியைத் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு முறுக்குங்கள். 10 கிலோ பெட்டியைத் திருடன் அங்கேயே உட்கார்ந்து திறக்கமாட்டான், அப்படியே தூக்கிக்கொண்டு போவான். என்னைக் கேட்டால் கைரேகையைவிட பட்டன் அழுத்தும் மெக்கானிக்கல் பூட்டுதான், பேட்டரிக் கவலையே இல்லை.

காரில் டாஷ்போர்டு அறையைப் பூட்டித்தான் வைக்கிறேன். போதாதா?

போதவே போதாது. அதை ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெம்பிவிடலாம். 2017 முதல் 2021 வரை அமெரிக்காவில் திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல், துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் கணக்கு. அதில் மிகப் பெரும்பகுதி கடையிலிருந்து போனதில்லை, தனிநபர்களிடமிருந்து போனது. கார் அதில் பெரிய ஓட்டை. கொலராடோவில் 2025 ஜனவரியிலிருந்து, ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கி வைத்தால் பூட்டிய கெட்டியான பெட்டிக்குள், கண்ணில் படாமல் இருக்கவேண்டும் என்பது சட்டம். உங்கள் மாநிலத்தில் சட்டம் இல்லாவிட்டாலும் அதையே செய்யுங்கள். பெட்டியை எஃகுக் கேபிளால் சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டகத்தோடு கட்டுங்கள். ராத்திரி வீட்டுக்குள் எடுத்து வந்துவிடுங்கள். பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், உள்ளே துப்பாக்கி இருக்கும் என்று திருடனுக்கு அவர்களே சொல்கிறார்கள்.

துப்பாக்கியோடு ஏர்டேக் ட்ராக்கர் போட்டு வைத்தால் கண்டுபிடித்துவிடலாமே?

ஓரளவுக்கு. இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் வெளியே வருவது கஷ்டம். அதோடு, தெரியாத ட்ராக்கர் ஒன்று உன்னோடு வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும், யாரையும் ரகசியமாகப் பின்தொடரக்கூடாது என்று வைத்த ஏற்பாடு அது. இடம் தெரிந்தாலும் போலீசிடம் கொடுங்கள். நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள், உள்ளே இருப்பவன் கையில் இருப்பது உங்கள் துப்பாக்கி.

திருடுபோய்விட்டது, சீரியல் நம்பர் தெரியாது. அரசிடம் பதிவு இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. மத்தியப் பதிவேடு வைக்கக்கூடாது என்று 1986லிருந்தே சட்டம். மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் ஏடிஎஃப் மையம் இருக்கிறது, மூடிப்போன கடைகளின் காகிதங்கள் அங்கேதான் போகும். ஸ்கேன் செய்தும் வைத்திருக்கிறார்கள், ஆனால் வாங்கியவர் பெயரைப் போட்டுத் தேட முடியாது. நீங்கள் வாங்கிய கடைக்குப் போங்கள், வாங்கும்போது நிரப்பிய 4473 படிவத்தோடு நம்பரும் அவர்களிடம் இருக்கவேண்டும். நம்பர் இருந்தால்தான் திருட்டுத் துப்பாக்கிப் பட்டியலில் போலீஸ் ஏற்றமுடியும். மற்றவர்கள் இன்றைக்கே அந்த நம்பரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

கடையில் இலவசமாகக் கொடுத்த கேபிள் பூட்டு சும்மா கிடக்கிறது. அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

திருடனுக்கு முன்னால் இல்லை, கட்டர் இருந்தால் வெட்டிவிடுவான். பிள்ளைகளுக்கு முன்னால் உண்டு. மேகசினை (தோட்டா அடுக்கும் பகுதியை) கழற்றி, தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, தோட்டாக்கூடு வெளியே வரும் துவாரத்தில் கேபிளை நுழைத்து மேகசின் குழி வழியாக இழுத்துப் பூட்டினால் மேல்பாகம் மூடவே மூடாது. மிச்சிகன் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021ல் 15 வயது மாணவன் நான்கு பேரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், அந்தத் துப்பாக்கியோடு வந்த கேபிள் பூட்டு பிரிக்காத பாக்கெட்டிலேயே கிடந்தது. வீட்டில் வேறு இரண்டு துப்பாக்கிகள் இருந்த பெட்டியின் ரகசிய எண் கம்பெனி வைத்த 0-0-0. 2024ல் தாய், தகப்பன் இருவருக்கும் 10 முதல் 15 வருடம் சிறை.

அக்கா பையனுக்கு 16 வயது, கொஞ்ச நாளாக யாரோடும் பேசுவதில்லை. லாக்கரின் ரகசிய எண் அவனுக்குத் தெரியும். மாற்றினால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பானோ என்று அக்கா பயப்படுகிறார்.

நினைத்தால் நினைக்கட்டும், இன்று ராத்திரியே மாற்றுங்கள். முடிந்தால் துப்பாக்கியையே கொஞ்ச நாள் வெளியே வையுங்கள், சில கடைகளும் ரேஞ்சுகளும் வைத்துக்கொள்ளும், மாநில விதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2023ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,700 பேர் அளவில், அதில் 27,300 பேர் தற்கொலை. எந்தக் கைரேகை சென்சாரும், திறக்கத் தெரிந்தவர் விஷயத்தில் உதவாது. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று அவனிடம் நேரடியாகவே கேளுங்கள், மனநெருக்கடி உதவி எண்ணான 988க்கு அழைத்தால் பெற்றோருக்கும் வழி சொல்வார்கள்.

நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா?

பொதுவாகக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு என்றால் கதை வேறு. வக்கீலிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

மகள் ஃப்ரெண்ட் வீட்டில் ராத்திரி தங்கப்போகிறாள். அங்கே துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்பது அநாகரிகமா?

இல்லவே இல்லை. வேர்க்கடலை அலர்ஜி, வீட்டு நாய் பற்றிக் கேட்கும் அதே மூச்சில் கேளுங்கள்: "துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்?" டெக்சாஸ்காரர்கள் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, பலர் பெட்டியைத் திறந்தே காட்டுவார்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஃப்ரெண்டை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.