ஐஸ் கம்பெனிக்குள்ள டவர் இல்லாட்டி வைஃபை காலிங்

தம்பி, மண்டபத்துல ஐஸ் கம்பெனிக்குள்ள டவரே கிடைக்கல, மிஸ்டு கால், வாய்ஸ்மெயில் தகவல் எல்லாம் சாயங்காலம் வெளிய வந்ததும் மொத்தமா வந்து விழுதுன்னு எழுதியிருந்தீங்க. குளிர் அறைச் சுவர்ல தகரம் போர்த்தியிருப்பாங்க, அதைத் தாண்டி அலை உள்ள வராது. புதுப் போன் வாங்கிக் காசைக் கரைக்காதீங்க.

ஆபீஸ்ல வைஃபை இருக்குன்னீங்களே, அது போதும். செட்டிங்ஸ்ல சிம் பகுதிக்குப் போய் 'வைஃபை காலிங்' (டவருக்குப் பதிலா வைஃபை வழியா கால் வர்ற வசதி) ஆன் பண்ணுங்க. ஜியோ, ஏர்டெல் ரெண்டுலயும் உண்டு. கால் நேராவே வந்துடும், அப்புறம் வாய்ஸ்மெயில் எதுக்கு?

வைஃபை எட்டாத மூலையில வேலைன்னா, போன் கிடைக்காதப்ப ஆபீஸ் லேண்ட்லைனுக்குப் போற மாதிரி கால் ஃபார்வர்டிங் வைங்க, முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. யாராவது கூப்பிட்டு *401*-ன்னு போட்டு ஒரு நம்பர் அழுத்துங்கன்னு சொன்னா மட்டும் அழுத்தாதீங்க, அதுவும் கால் ஃபார்வர்டிங் கோடுதான், உங்க கால் எல்லாம் அவங்க நம்பருக்குப் போயிடும், அது ஏமாத்துற வேலை.